கூட்டிக் கட்டியதில் பெட்ரூம் குறைந்த வீடு: ஓர் எஃப்.ஹெச்.ஏ அப்ரைசலின் கதை

விற்பனைக்கு வந்த விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 1925இல் கட்டிய வீடு, நான்கு பெட்ரூம், 2,172 சதுர அடி. பேசி முடித்த விலை 2,14,000 டாலர். அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஹெச்.ஏ காப்பீடு தரும் கடன்களுக்காக வீட்டை மதிப்பிடுவது, அதாவது அப்ரைசல், என் வேலை. நான் அளந்து, சுற்றிப் பார்த்து, அறிக்கை எழுதி முடித்தபோது அதே வீட்டில் இரண்டு பெட்ரூமும் 1,636 சதுர அடியும்தான் மிஞ்சின. மதிப்பு 1,99,000 டாலர். விளம்பரம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் எடுத்த ஒவ்வொரு அறையும் அங்கே இருந்தது, உள்ளே நின்று பார்க்கலாம். ஆனால் இருக்கிற அறை எல்லாம் வீட்டின் பரப்பில் சேராது. ஏன் சேராது என்பதை இந்த ஒரே வீட்டை வைத்து விளக்கப் பார்க்கிறேன். வீட்டை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடு இருப்பது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள லொரெய்ன் நகரில். உருக்காலைகளால் வளர்ந்த ஊர். 1924 ஜூன் 28 அன்று அடித்த சூறாவளி இந்த ஊரைப் புரட்டிப்போட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய, அமெரிக்காவில் பங்களா என்று சொல்லும் ஒன்றரை மாடி வீடுகள் இங்கே நிறைய. கீழே இரண்டு படுக்கையறை, மேலே சரிவுக் கூரைக்கு அடியில் ஒன்று, முன்னால் திண்ணை மாதிரி ஒரு போர்ச். இன்றைய தேவைக்கு இவை சின்ன வீடுகள். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது சேர்த்துக் கட்டியிருக்கும். இந்த வீட்டில் மூன்று சேர்க்கை. பின்பக்கம் 1970களில் கட்டிய ஃபேமிலி ரூம், வடக்குப் பக்கப் போர்ச்சைக் கண்ணாடி போட்டு அடைத்த ஓர் அறை, அப்புறம் தனியாக நின்ற கராஜை மாற்றிய ஓர் அறை. விற்பவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆலை வேலை முடிந்து வந்து, சனி ஞாயிறுகளில் தன் அப்பா ஒவ்வொரு பலகையாக அடித்ததை அவர் சொல்லிக்கொண்டே கூட வந்தார்.

வாங்குபவர் எடுத்தது எஃப்.ஹெச்.ஏ கடன். 1934இல் தொடங்கிய ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் கடன் கொடுப்பதில்லை, வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கியின் இழப்பை அது ஈடுகட்டும். கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் விலையில் 3.5 சதவீதம் கையில் இருந்தால் போதும். இந்த வீட்டுக்கு அது 7,490 டாலர். கையில் பெரிய தொகை இல்லாத குடும்பங்களுக்கு இது பெரிய வாசல். நான் இந்த வேலையை மதிப்பதற்கு முதல் காரணமும் அதுதான். அதே காரணத்தால்தான் இங்கே தாராளமாக மதிப்பிடுவது யாருக்கும் நல்லதில்லை. 2,14,000க்கு நான் தலையாட்டியிருந்தால் கடன் 2,06,510 டாலர். முன்கூட்டிக் கட்டும் 1.75 சதவீதக் காப்பீட்டுக் கட்டணத்தையும் கடனிலேயே சேர்த்தால் 2,10,000ஐத் தாண்டும். வீட்டின் மதிப்போ 1,99,000. சாவியை வாங்கும் நாளிலேயே அந்தக் குடும்பம் வீட்டின் மதிப்பைவிட அதிகமாகக் கடன்பட்டிருக்கும். வேலை போய், அல்லது ஊர் மாறி, இரண்டு வருடத்தில் விற்க வேண்டி வந்தால் கையிலிருந்து போட்டுத்தான் வெளியே வர முடியும்.

மூன்று கேள்விகள்

எஃப்.ஹெச்.ஏவை நடத்தும் வீட்டுவசதித் துறையின் கையேடு 4000.1, 2015 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேர்த்துக் கட்டிய அறையையும் மாற்றிய கராஜையும் வீட்டின் வாழும் பரப்பில் சேர்க்க அது மூன்று விஷயம் கேட்கிறது. வீட்டுக்குள்ளிருந்தே இயல்பாக அந்த அறைக்குப் போக முடிகிறதா? நிரந்தரமான, போதுமான வெப்ப வசதி இருக்கிறதா? வீட்டின் மற்ற பகுதிகளின் வடிவத்துக்கும் தரத்துக்கும் பொருந்தக் கட்டியிருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பரப்பில் சேரும். ஒன்று தவறினாலும், இந்த வீட்டை அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிடும் அட்டவணையில் அதற்குத் தனி வரிசை. தனி வரிசை என்றால் மதிப்பே இல்லை என்று பொருளில்லை. வாங்குபவர்கள் அந்த மாதிரி அறைக்கு உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு, அவ்வளவுதான்.

கவனியுங்கள், மூன்றில் பெர்மிட் இல்லை. ஏஜென்ட்கள் பலர் பெர்மிட் இருந்தால் சேரும், இல்லாவிட்டால் சேராது என்று நினைக்கிறார்கள். நான் நகரக் கட்டட அலுவலகத்தில் எப்போதும் கேட்பேன். இந்த வீட்டில் ஃபேமிலி ரூமுக்கு அனுமதி பதிவாகியிருந்தது, மற்ற இரண்டுக்கும் இல்லை. அதை அறிக்கையில் எழுதினேன். கடன் கொடுப்பவரும் காப்பீட்டு நிறுவனமும் பின்னால் அதைக் கேட்கலாம். ஆனால் அறையைப் பரப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்தது பெர்மிட்டை வைத்து இல்லை.

சொத்து வரிக்காக வீடுகளை மதிப்பிடும் கவுண்டி (மாவட்ட) ஆடிட்டரின் இணையதளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு இருக்கும், கோட்டுப் படத்தோடு. போவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவேன். இந்தக் கார்டில் மேல் மாடி 476 சதுர அடி, அதாவது கீழ்த்தளமான 952இன் சரிபாதி. அது சொத்து வரிக்கான கணக்கு, அதற்குப் போதும். எனக்குப் போதாது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2022 ஏப்ரலில் கட்டாயமாக்கிய ஆன்சி (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) அளவு முறையை எஃப்.ஹெச்.ஏ வேலைகளிலும் நான் கடைப்பிடிக்கிறேன். சரிவுக் கூரையில் ஐந்து அடிக்குக் குறைந்த உயரம் உள்ள தரையைச் சேர்க்கக் கூடாது, மிஞ்சும் பரப்பில் பாதியாவது ஏழு அடி உயரம் இருக்க வேண்டும். லேசரை வைத்து அளந்ததில் கிடைத்தது 364 சதுர அடி. யாரும் எதையும் சேர்த்துக் கட்டாத மேல் மாடியிலேயே 112 சதுர அடி போய்விட்டது.

கராஜும் போர்ச்சும்

கராஜ் அறை 264 சதுர அடி. உள்ளே போனால் நன்றாகவே இருந்தது. ஜிப்சம் பலகைச் சுவர், சுவரோடு பதித்த மின்சார ஹீட்டர், ஒரு சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், கட்டில். வெப்பம் நிரந்தரம், அந்தக் கேள்வியில் தேறியது. ஆனால் அதற்குப் போக, சமையலறைப் பின்கதவைத் திறந்து, இரண்டு படி இறங்கி, கூரையில்லாத சிமெண்ட் தளத்தில் நடக்க வேண்டும். நான் போனது மார்ச் மாதம், படிகளில் பனி உறைந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வழியில்லை, அதோடு முடிந்தது. சரி, தனிக் குடியிருப்பாக, அதாவது வீட்டோடு சேர்ந்த துணை யூனிட்டாக இதைக் கணக்கில் எடுக்கலாமே என்று விற்பவரின் ஏஜென்ட் கேட்டார். குளியலறை இல்லை, கழிப்பறை இல்லை, அடுப்புக்கான இணைப்பும் இல்லை. சிங்க் மட்டும் வைத்து அதைக் குடியிருப்பு என்று சொல்ல முடியாது.

போர்ச் அறை இதற்கு நேர்மாறு. 8க்கு 20, மொத்தம் 160 சதுர அடி. வரவேற்பறையிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் போதும், வழி இருக்கிறது. வெப்பத்துக்கு இருந்தது செருகி வைத்த ஒரு ஸ்பேஸ் ஹீட்டர். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள். மட்டப் பலகையைத் தரையில் வைத்தேன், குமிழி ஒரு பக்கமாக ஓடிவிட்டது. வீடு சாய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். திறந்த போர்ச்சின் தரையை மழைநீர் வழிந்தோடும்படி வெளிப்பக்கம் லேசாகச் சரித்துத்தான் அந்தக் காலத்தில் கட்டினார்கள். அந்தச் சரிவின் மேலேயே விரிப்பைப் போட்டு, சுற்றிக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். கோடையில் உட்கார்ந்து காபி குடிக்க அருமையான இடம். வாழும் பரப்பு இல்லை.

நான்கு பக்கமும் வீடு சூழ்ந்த அறை

இந்த அப்ரைசலில் எனக்கு முக்கியமாகப் பட்டது, யாரும் கை வைக்காத ஒரு பழைய அறை. கீழ்த்தளத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள படுக்கையறை. 1925இல் கட்டியபோது மூலை அறையாக இருந்ததால் அதற்கு இரண்டு வெளிச்சுவர், இரண்டு ஜன்னல். கிழக்கே, பின்பக்கம், ஃபேமிலி ரூம் வந்தபோது அந்தச் சுவர் உட்சுவராகிவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கிய துணிகளை விலக்கி டார்ச் அடித்தேன். பூச்சுக்கு அடியில் பழைய ஜன்னல் சட்டத்தின் செவ்வகம் மேடாகத் தெரிந்தது. மிஞ்சியது வடக்கு ஜன்னல். அது திறப்பது கண்ணாடி போட்ட போர்ச் அறைக்குள். அதுவும் திறக்கவில்லை, பல அடுக்குப் பெயின்ட் சட்டத்தையும் நிலையையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது.

அவசரத்தில் வெளியேற முடியாத அறையைப் பெட்ரூம் என்று எழுதக் கூடாது என்பது கையேட்டின் விதி. இரவில் சமையலறைப் பக்கம் தீப்பிடித்து, அறை வாசலில் புகை சூழ்ந்தால், உள்ளே தூங்கும் ஆள் எங்கே போவார்? ஜன்னலை உடைத்தாலும் இறங்குவது இன்னோர் அறைக்குள். அறிக்கையில் அதைப் படிக்கும் அறை என்று எழுதினேன். விற்பவருக்கு மனம் வலித்தது, அது அவர் சிறுவனாக இருந்தபோது படுத்த அறை. "நாற்பது வருடம் இங்கே ஆள் படுத்திருக்கிறோமே" என்றார். அந்த நாற்பது வருடத்தில் தீப்பிடிக்கவில்லை என்பது நல்ல விஷயம். அடுத்து அங்கே படுக்கப் போவது வேறொரு வீட்டுக் குழந்தை.

கராஜ் அறையும் போய், இந்த அறையும் போனதும் நான்கு பெட்ரூம் இரண்டாகிவிட்டது. மேல் மாடி அறையின் ஜன்னல் தாழ்வாக, அகலமாகத் திறந்தது, அதில் பிரச்சினை இல்லை. தெருப் பக்க அறையிலும் இல்லை. சேர்த்துக் கட்டிய வீடுகளுக்குப் போனால் நான் புது அறையை மட்டும் பார்ப்பதில்லை. அது எந்தப் பழைய அறையின் காற்றையும் வெளிச்சத்தையும் வழியையும் எடுத்துக்கொண்டது என்று பழைய அறைக்குள் நின்று பார்ப்பேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டுங்கள். வானம் தெரிய வேண்டும்.

ஒட்டுப்போட்ட இடங்கள்

ஃபேமிலி ரூம், 16க்கு 20, மூன்று கேள்விகளிலும் தேறியது. சமையலறையிலிருந்து ஒரு படி இறங்கினால் அறை. வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட் அறையில் உள்ள ஃபர்னஸிலிருந்து (சூடான காற்று தரும் உலை) டக்ட், அதாவது காற்றுக் குழாய், போகிறது, தெர்மோஸ்டாட்டை ஏற்றி, காற்று சூடாக வருகிறதா என்று கை வைத்துப் பார்த்தேன். கட்டுமானமும் ஒழுங்கு. 320 சதுர அடி முழுதாகச் சேர்ந்தது. ஆனால் பழுது என்று பார்த்தால் இங்கேதான் அதிகம். பழைய சுவரும் புது அறையும் சந்திக்கும் கோட்டில்தான் எல்லாம் வரிசையாக இருந்தன.

மேலே, பழைய கூரையின் சரிவு புது அறையின் தாழ்ந்த கூரையில் வந்து இறங்கும் மடிப்பு. அதற்கு நேர் கீழே உட்கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. எஃப்.ஹெச்.ஏ கேட்பது, கூரை ஈரத்தை உள்ளே விடக் கூடாது, இன்னும் இரண்டு வருடமாவது தாங்க வேண்டும். பழைய கூரைக்கு அந்த ஆயுள் இருந்தது, மடிப்பில் இருந்த தகடுதான் துருப்பிடித்திருந்தது.

கீழே, பழைய வீட்டுக்குப் பேஸ்மென்ட் உண்டு, புது அறைக்குக் கிடையாது. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒடுக்கமான இடம் மட்டும். இங்கே அதைக் கிரால் ஸ்பேஸ் என்பார்கள். அதற்குள் போக வழியே வைக்கவில்லை. நுழைய முடியாத இடத்துக்காகத் தரையை வெட்டச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, கையேடும் அப்படிக் கேட்கவில்லை. போக வழியில்லை என்று எழுத வேண்டும். கூடவே ஏதாவது கெட்டுப்போன அறிகுறி இருந்தால் அதையும் எழுத வேண்டும், அப்போது தகுதியான ஒருவரை வைத்துச் சோதிக்கும் பொறுப்பு கடன் கொடுப்பவருக்கு வந்துவிடும். அறிகுறி இருந்தது. வடசுவர் ஓரமாக நடந்தால் தரை காலுக்கடியில் லேசாக அமுங்கியது. பேஸ்மென்ட்டுக்குப் போய், டக்ட் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் மூக்கை வைத்தேன். ஈர மண்ணும் பூஞ்சையும் கலந்த வாடை. டக்டைச் சுற்றியிருந்த இடுக்கில் டார்ச் அடித்தால், தரையைத் தாங்கும் மரச்சட்டங்களுக்கு மிக அருகே மண் தெரிந்தது.

போர்ச் அறையில், வீட்டின் பழைய வெளிச்சுவர் அப்படியே உட்சுவராக நின்றது. அதன் பலகைகளிலும் அந்த ஜன்னல் சட்டத்திலும் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தரையில் கிடந்தது. 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் உரியும் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விதியில் நான் துளியும் தளர மாட்டேன். தவழும் குழந்தை அந்தச் செதிலை எடுத்து வாயில் வைத்தால் பாதிப்பு மூளை வளர்ச்சியில் போய் நிற்கும். கராஜ் அறையில், பெட்டி போடாமல் வெளியே முறுக்கி டேப் சுற்றிய மின்கம்பிகள் இருந்தன. அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

மற்றவை சரி. குழாய்களைத் திறந்தேன், கழிப்பறைகளில் தண்ணீர் விட்டேன், மேல் மாடியின் பக்கச் சுவர்க் கதவு வழியே கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் தலையும் தோளும் நுழைத்துப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் இல்லை.

விலை எப்படி வந்தது

விற்பவரின் ஏஜென்ட் வைத்த கணக்கு எளிது. 2,14,000ஐ 2,172ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 98 டாலர் சொச்சம், அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் போகிறது என்றார். அந்த 98க்குள் மனையும் குளியலறையும் ஃபர்னஸும் கூரையும் எல்லாம் அடக்கம். அதே தரத்தில் இன்னொரு நூறு சதுர அடி சேர்ந்தால் வாங்குபவர் அதற்கு 9,800 டாலர் கூடுதலாகத் தருவதில்லை. அதே காலத்து வீடுகள், பக்கத்துத் தெருக்களில் விற்றவை, பரப்பில் மட்டும் வேறுபட்டவை என்று ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்ததில் கூடுதல் சதுர அடிக்குக் கிடைத்தது 45 டாலர் அளவில்தான்.

அடைத்த போர்ச் உள்ள இரண்டு விற்பனை கிடைத்தது, அதை வைத்து போர்ச்சுக்கு 4,000 டாலர் மதிப்புக் கொடுத்தேன். கராஜ் அறைதான் யோசிக்க வைத்தது. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் ஒன்று கராஜை அறையாக்கியது, மற்றதில் கராஜ் கராஜாகவே இருந்தது. 7,000 டாலர் அதிகமாக விற்றது கராஜ் இருந்த வீடு. இன்னொரு ஜோடியும் அதே பக்கம்தான் சாய்ந்தது. குளிர்காலத்தில் இந்த ஊரில் பனி கொட்டும். காலையில் காரைச் சுரண்டி எடுக்காமல் வேலைக்குக் கிளம்புவதற்கு மக்கள் காசு கொடுக்கிறார்கள். இந்த வீட்டின் டிரைவ்வே, அதாவது கார் வரும் பாதை, நேராக வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. உழைத்து, செலவழித்து, இருந்த மதிப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். வருத்தமான விஷயம்தான், ஆனால் சந்தை அதைத்தான் சொல்கிறது.

ஒப்பிட்ட வீடுகளின் விற்பனை விலைகளை இந்த வித்தியாசங்களுக்கு ஏற்பத் திருத்தியபோது, அவை 1,94,000க்கும் 2,03,000க்கும் இடையில் விழுந்தன. மிகக் குறைந்த திருத்தம் தேவைப்பட்ட விற்பனைக்கு அதிக எடை கொடுத்து 1,99,000 என்று முடித்தேன். அதுவும் பழுதுகளைச் சரிசெய்வது, கிரால் ஸ்பேஸைச் சோதிப்பது என்ற நிபந்தனைகளோடு.

அப்புறம் நடந்தது

விற்பவரின் ஏஜென்ட், கடன் கொடுப்பவர் வழியாக மறுபரிசீலனை கேட்டு மூன்று விற்பனைகளை அனுப்பினார். கேட்பதில் தவறில்லை, நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். இரண்டில் அதே கதை, வெப்பமில்லாத அறைகளைச் சேர்த்த பரப்பு. உண்மையான பரப்பைப் போட்டுத் திருத்தினால் என் எண்ணுக்கே வந்தன. மூன்றாவது வீடு வேறு பகுதி, மனையும் பெரிது. மதிப்பு மாறவில்லை.

எஃப்.ஹெச்.ஏ ஒப்பந்தங்களில் ஒரு காப்பு வாசகம் கட்டாயம். மதிப்பு பேசிய விலைக்குக் குறைந்தால் வாங்குபவர் விலகிக்கொள்ளலாம், முன்பணம் திரும்பிவிடும். இவர்கள் விலகவில்லை, விலையைப் பேசினார்கள். 1,99,000க்கு ஒப்பந்தம் திருத்தப்பட்டது. விற்பவர் சம்மதத்தோடு கான்ட்ராக்டர் ஃபேமிலி ரூம் அலமாரிக்குள் தரையை வெட்டி ஒரு திறப்பு வைத்தார். உள்ளே காற்றுத் துளை ஒன்றுகூட இல்லை. வடசுவர் ஓரம் இரண்டு மரச்சட்டங்களின் முனை மண்ணைத் தொட்டு, விரலால் குத்தினால் பொடியும் அளவுக்கு உளுத்திருந்தது. அவற்றுக்குத் துணைச் சட்டம் அடித்து, மண்ணைத் தோண்டி எடுத்து, காற்றோட்டம் வைத்தார்கள். கூரை மடிப்புக்குப் புதுத் தகடு, போர்ச் சுவருக்குப் பெயின்ட், கம்பிகளுக்குப் பெட்டி. நான் திரும்பப் போய்ப் பார்த்து, வேலை முடிந்தது என்று படிவம் கொடுத்த பிறகு க்ளோஸிங், அதாவது வீடு கைமாறுவது, நடந்தது.

வாங்கிய பெண்ணுக்கு ஒரு கேள்வி இருந்தது, அவருடைய ஏஜென்ட் வழியாக வந்தது. அந்த மூலை அறையை மறுபடி பெட்ரூம் ஆக்க முடியுமா? மதிப்பீட்டாளராக நான் கட்டட ஆலோசனை சொல்வதில்லை, அறிக்கையில் இருந்ததை மட்டும் சுட்டிக்காட்டினேன். தடையாக இருப்பது போர்ச் அறையின் பின்பாதி, சுமார் 80 சதுர அடி. அதை மட்டும் எடுத்துவிட்டு ஜன்னலைப் புதிதாகப் போட்டால் அறை வெளியே பார்க்கும். கட்டமைப்பில் கை வைக்கும் வேலை என்பதால் நகர அனுமதி வேண்டும். கடனோடு சேர்த்தே செய்ய நினைப்பவர்களுக்கு எஃப்.ஹெச்.ஏவின் முழு 203கே திட்டம் இருக்கிறது. இவர்கள் குடியேறிய பிறகு தங்கள் காசிலேயே செய்வதாக முடிவெடுத்தார்கள். நான் பார்த்த விற்பனைகளில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கும் மூன்று பெட்ரூம் வீட்டுக்கும் வித்தியாசம் 9,000 டாலர் அளவில் இருந்தது. போர்ச் முழுதுக்கும் நான் கொடுத்திருந்தது 4,000. இந்த வீட்டின் மதிப்பு இனி கூட வேண்டுமானால், முதலில் செய்ய வேண்டியது கொஞ்சம் இடிப்பது.